நடுச்சீட்டில் முளைத்த கியர்

அத்தை கார்க் கதவைத் திறந்தார். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த காலை அப்படியே வெளியே எடுத்துவிட்டார்.

வாசலில் பேச்சு நின்றது. பந்தல் காலில் வாழை கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"ஏ அம்மணி," என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமல். "எம்பட எடத்துல என்னமோ கம்பிய நட்டு வெச்சிருக்குதே, யாரு வெச்சது?"

நான்தான் வைத்தேன். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மாதக்கணக்கில் அலைந்து, நகக்கண்ணில் கிரீஸ் ஏறி, அத்தை அந்த இடத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பதற்காகவே வைத்தேன். வைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது அங்கே இருந்தால் அத்தை உட்கார முடியாது.

இதற்காகத்தான் என்னைப் பொறியியல் படிக்க வைத்தார்கள்.

போன வாரம் இந்தப் பத்தியில் கார்புரேட்டருக்குள் பல்லி குடித்தனம் நடத்திய கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு அம்மா பத்திரிகையை மடித்து வைத்தார். "ஊட்டு மானத்த வாராவாரம் தவணையில விக்கற," என்றார். இந்த வாரத் தவணை கொஞ்சம் பெரிது.

மூன்று பேர் உட்காரும் முன்சீட்டு

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: அது எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கிய அம்பாசிடர். மோர் நிறம். மழைக்காலத்தில் உள்ளே ஈரச் சாக்கு வாசம், வெயில் காலத்தில் சூடான ரெக்சின் வாசம். வருடத்தில் மற்ற நாட்களில் பூனைகளின் வாசம்.

அந்தக் காலத்து வண்டி என்பதால் கியர் கம்பி தரையில் கிடையாது. ஸ்டீயரிங் தண்டிலிருந்து குடைக் கைப்பிடி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கி இறக்கித்தான் நாலு கியரும். அதனால் முன்னால் ஒரே நீளமான சீட்டு. ஓட்டுகிறவர், கதவோரம் ஒருவர், நடுவில் ஒருவர்.

அந்த நடு இடம் அத்தைக்கு. அப்பாவின் ஒரே அக்கா அவர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவளை மனையில் உட்காரவைத்துச் செய்வது. அவள் இல்லாமல் தாலியைப் பற்றிப் பேச்சே கிடையாது. அப்பாவின் கல்யாணத்துக்கு இணைச்சீர்க்காரியாக அத்தை அந்தக் காரில், அந்த நடு இடத்தில் உட்கார்ந்து போனார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளை காரும் அத்தை நடுவில் இல்லாமல் கிளம்பியதில்லை. சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மீறிப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

இப்போது கல்யாணம் என் அண்ணன் செந்திலுக்கு. இணைச்சீர்க்காரி நான். கல்யாணம் நடக்கும் ஊர் தாராபுரம். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் மாப்பிள்ளை அழைப்பு.

சிக்கல் கியர் பெட்டியில் இருந்தது. மூன்றாவது கியரில் போட்டால் தானாகவே வெளியே வந்து சும்மா நின்றுகொள்ளும், பந்தியில் பிடிக்காத ஆள் பக்கத்து இலையில் உட்கார்ந்ததும் எழுந்து போகிற பெரிய மனிதர் மாதிரி. நாலாவதில் நிற்கும். ஆனால் எஞ்சின் போடும் கூச்சலும் கியர் போடும் ஊளையும் சேர்ந்து, காருக்குள் பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்றே கேட்காது.

அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை என்பது தனிக் கதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பச்சை மோட்டார்

அப்பா கோயம்புத்தூர் கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய கம்பெனி என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன வார்ப்பு உலை, நாலைந்து லேத், சுவரில் சாமி படங்களுக்கு நடுவே முதன்முதலில் வார்த்த பம்பின் போட்டோ. அதற்கும் மாலை உண்டு.

காரமடையில் அத்தையின் தோட்டத்துக் கிணற்றில் ஓடியது அப்பாவின் நீல நிற மோட்டார். ஒரு கோடையில் அதன் கம்பிச் சுருள், காயில் என்பார்கள், எரிந்துவிட்டது. மோட்டார் எரிவது எங்கள் பக்கத்தில் ஜலதோஷம் பிடிப்பது போலத்தான். ஆனால் அன்றைக்கு வாழை வாடிக்கொண்டிருந்தது. அத்தை அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா உலை ஊற்றிக்கொண்டிருந்தார், அதாவது உருகிய இரும்பை அச்சில். உலை ஊற்றும்போது நாட்டின் பிரதமரே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். அத்தை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போய், வேறொரு கம்பெனியின் மோட்டாரை வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

அந்த வருடம் காரமடை மாசித் தேருக்குப் போன அப்பா, கால் கழுவ அத்தையின் கிணற்றடிக்குப் போனார். அங்கே பச்சை நிறத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கால் கழுவாமலே திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். சமையல்காரர் வீட்டு விசேஷத்துக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் பம்புசெட்காரரின் அக்கா கிணற்றில் வேறு கம்பெனி மோட்டார் ஓடினால் அந்த மாதிரிதான்.

அன்றிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசுவதில்லை. போக்குவரத்து நிற்கவில்லை, நோம்பி, பண்டிகை எதுவும் நிற்கவில்லை. பேச்சு மட்டும் என் வழியாகப் போகும்.

"ரசம் ஊத்தட்டுமான்னு கேளு அம்மணி."

"போதும்னு சொல்லு கண்ணு."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாழை இலை அகலம்தான் இருக்கும்.

வருடா வருடம் தேருக்குப் போகிறபோது அப்பா தவறாமல் கிணற்றடிக்கும் போவார். அந்தப் பச்சை மோட்டாரைக் கொஞ்ச நேரம் முறைப்பார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு அத்தைக்குக் கேட்கிற குரலில் என்னிடம் சொல்வார்: "சத்தத்தப் பாரு கண்ணு. தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டற மாதிரி. பேரிங் போகுது. நம்முளுது இப்பிடிச் சத்தம் போடுமா?"

அத்தை வாளியை எடுத்துக்கொள்வார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

உக்கடத்தில் கிடைத்த பெட்டி

கல்யாணத் தேதி குறித்ததும் அப்பா ஏசி வேன் ஒன்றைப் பேசி முடித்தார். செய்தியை அத்தைக்குச் சொல்லும் வேலை எனக்கு.

போனில் அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வேன்ல நீங்க போங்க சாமி. நான் அப்பாரு கார்ல, நடுவுலதான் வருவேன். இல்லீன்னா எனக்கு வாழைக்காட்டுல சோலி கெடக்குது."

அப்பாவிடம் சொன்னேன். "அந்த வண்டி பல்லடம் தாண்டாதுன்னு அவிங்களுக்குச் சொல்லு," என்றார்.

இப்படி இரண்டு பக்கமும் தபால் கொண்டுபோய்க் களைத்த ஒரு பொழுதில்தான் எனக்கு யோசனை வந்தது. இன்றைய வண்டிகளில் இருக்கிற ஐந்து கியர்ப் பெட்டி ஒன்றை அந்தக் காரில் பொருத்திவிட்டால்? மூன்றாவது கியர் எழுந்து ஓடாது. ஐந்தாவது இருப்பதால் அதே வேகத்துக்கு எஞ்சின் பாதிக் கூச்சலோடு மெல்லச் சுற்றும். கார் தாராபுரம் என்ன, திண்டுக்கல்லே போகும்.

உக்கடத்தில் ரஃபீக் இருக்கிறான். என் வயதுதான். பழைய வண்டிகளை உரித்து உதிரி விற்கிற கடை. எந்த வண்டியின் எந்த உறுப்பு எந்த வண்டிக்கு ஆகும் என்று கல்யாணத் தரகர் போல வாயில் வைத்திருப்பான்.

"ஏனுங் இஞ்சினியரம்மா, கெழவனுக்கு எளந்தாரி இடுப்பா?" என்றான்.

"பொருத்தம் பாத்துச் சொல்லு."

ஒரு சின்ன சரக்கு வேனிலிருந்து கழற்றிய பெட்டியைக் காட்டினான். நல்ல பெட்டி. ஆனால் எஞ்சினின் முகத்தில் இருக்கிற போல்ட் ஓட்டைகளும் பெட்டியின் முகத்தில் இருக்கிற ஓட்டைகளும் ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு தகடு வேண்டும். வேறு ஊராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு லேத். அப்பாவின் உலையிலேயே அலுமினியத்தில் தகடு வார்த்தோம். கிளட்ச் தட்டின் நடுப்பகுதியை மாற்றினோம். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை அறுத்து நீளம் சரிசெய்து, சுற்றும்போது ஆடாமல் சமன்படுத்தினோம். அப்பா தினமும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "உம்," என்று போவார். அவருடைய "உம்" பலவிதம். அது நல்ல விதம்.

ஒரு மைக்ரான் விடாமல் எல்லாவற்றையும் அளந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எதை அளக்காமல் விட்டேன் என்பது இனிமேல்தான் வருகிறது.

ஸ்டூலில் ஒரு சோதனை ஓட்டம்

புதுப் பெட்டிக்குத் தரையில் ஓட்டை போட வேண்டும். அதனால் முதல் நாளே முன்சீட்டைக் கழற்றிவிட்டோம். கழற்றியதுதான் கழற்றினோம், கல்யாணத்துக்குப் புது ரெக்சின் போட்டுவிடலாம் என்று சீட்டுக் கடைக்கு அனுப்பிவைத்தோம். சீட்டுக் கடைக்காரர் கொடுத்த தேதிகளை நம்பியவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

ஆக, அந்த மாதங்கள் முழுக்க அந்தக் காருக்கு முன்சீட்டே இல்லை. சோதனை ஓட்டம்கூட டீக்கடைப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான். மதுக்கரை வரை போய்த் திரும்பினோம். ஐந்தாவது கியரில் விழுந்ததும் எஞ்சின் குரல் சட்டென்று தணிந்தது. கார் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. காற்றில் சிமெண்ட் வாசம். ரஃபீக் ஜன்னலில் தொங்கிக்கொண்டு எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் சலாம் போட்டான்.

தரையிலிருந்து நேராக எழுந்து நின்ற அந்தக் கியர் கம்பி அப்போது எனக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்தது. அதைச் சுற்றி வெறும் தரை. சுற்றிலும் இடம். இடமில்லாமல் போகக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே வரவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் சீட்டு வந்தது. மாட்டினோம். ரஃபீக் ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தான், நான் கதவோரம் உட்கார்ந்தேன், தெருவை ஒரு சுற்று சுற்றினோம். எங்கள் நடுவில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அத்தை காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் ஒரு சீப்பு கதளிப் பழம். நேராகக் காருக்கு வந்தார். கதவைத் திறந்தார்.

பாகப்பிரிவினை

"யாரு வெச்சதுன்னு கேட்டேன்," என்றார் அத்தை மறுபடி.

"அது கியருங் அத்தை. புதுசு."

"கியரு எம்பட காலுக்கு நடுவுல எதுக்கு?" குரல் உயரவில்லை. அத்தைக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "நான் ஏறக்கூடாதுன்னே யோசன பண்ணிச் செஞ்சிருக்கறான் உங்கொப்பன். ஒரு கம்பிய நட்டா முடிஞ்சுது பாரு. வாயால சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டேனல்லோ."

அப்பா காரின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். "கண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாமத்தான் உம்பட உலையிலயே தகடு ஊத்துனாங்களான்னு கேளு."

அதை யார் போய் அத்தைக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அத்தை கூடையைக் கையில் எடுத்தார். "காரமடைக்கு பஸ்ஸு எப்ப அம்மணி?"

அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். அத்தை பஸ் ஏறினால் இந்தக் கல்யாணத்தோடு போகாது. அடுத்த தேருக்கு நாங்கள் போக மாட்டோம். அதற்கடுத்த விசேஷத்துக்கு அவர் வர மாட்டார். என் வழியாகப் போய்க்கொண்டிருந்த அந்த ரசமும் நின்றுவிடும். பின்சீட்டில் மாப்பிள்ளை செந்தில் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில், மனையில் உட்காருவதற்குள் என்னைக் கொன்றுவிடுவான் என்று தோன்றியது.

பொய் சொல்ல யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

"அத்தை, அது உங்களுக்காக வெச்சதுங்."

"எனக்கா?"

"இந்த அஞ்சு கியர் பெட்டிக்கு ரெண்டு ஆள் வேணுங் அத்தை. ஓட்டறவிங்க கிளட்ச் மட்டும் மிதிப்பாங்க. நடுவுல இருக்கறவிங்கதான் கியர் போடோணும். இப்ப வார வண்டியெல்லாம் அப்பிடித்தானுங்."

பந்தல் காலுக்குப் பின்னால் ரஃபீக் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மாட்டிக்கொண்டான். அப்பா என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க இயந்திரத்தோடு இருப்பவர். வாயைத் திறந்தார். அத்தையின் கையில் இருந்த கூடையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"உம்," என்றார்.

அத்தை கூடையை என் கையில் கொடுத்தார். ஏறினார். இரண்டு காலையும் என் பக்கம் ஒதுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இப்போது கம்பி அவருக்கும் ஓட்டப்போகும் அப்பாவுக்கும் நடுவில் வந்தது. எந்தக் கியர் எங்கே என்று காட்டினேன். அத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இரண்டாவதுக்கு இழுக்கும்போது கம்பி அவர் முழங்காலில் வந்து இடித்தது. காலை ஒரு விரலளவு நகர்த்திக்கொண்டார். அப்பா கை பட்டு இடித்திருந்தால் அந்த இடிக்கு இன்னொரு சண்டை வந்திருக்கும்.

"வெளங்குச்சு," என்றார். "ஒண்ணும் ரெண்டும் எம்பட பக்கம். மூணும் நாலும் பொதுத்தடம். அஞ்சு உங்கொப்பன் பக்கம். பின்னால போறது?"

"அதுவும் அப்பா பக்கம்தானுங்."

"அது அவனுக்குப் பழக்கந்தான்."

கூடையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, கியர் குமிழில் ஒரு பொட்டு வைத்தார். நாங்கள் கிளம்பினோம்.

தபாலில் போன கியர்

அப்பா ஓட்ட, அத்தை நடுவில், நான் கதவோரம். முதல் கொஞ்ச தூரம் எப்படிப் போனது என்பதை ஓர் இயந்திரப் பிரியை மனம் பொறுத்து எழுத முடியாது.

அப்பா கிளட்சை மிதிப்பார். "ரெண்டு போடச் சொல்லு கண்ணு."

நான்: "அத்தை, ரெண்டுங்."

அத்தை: "கிளட்சு மிதிச்சாச்சான்னு கேளு."

நான்: "அப்பா, மிதிச்சாச்சுங்களா?"

அப்பா: "மிதிச்சுத் தொலச்சாச்சு."

அத்தை: "தொலையறது எதுக்காம்?"

அதற்குள் கார் நின்றுவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

இதற்கு நடுவில் அப்பாவின் இடது கை பழக்கத்தில் ஸ்டீயரிங் தண்டுக்குப் போகும். அழகுக்காக விட்டுவைத்திருந்த பழைய கைப்பிடியைத் தூக்கும். அது எதனுடனும் இணைந்திருக்கவில்லை. அவர் அங்கே வெறும் காற்றுக்கு மூன்றாவது போடுவார், இங்கே அத்தை நிஜப் பெட்டிக்கு முதலாவது போட்டு வைத்திருப்பார். கார் குதிரை மாதிரி குதித்தது. சூலூர் போவதற்குள் நான் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. எங்களுடைய தகடு, எங்களுடைய கிளட்ச், எல்லாம் காலடியில் கறகறவென்று அழுதன. பின்சீட்டில் செந்தில், "வேன்லயே வந்திருக்கலாம்," என்றான். யாரும் அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

பல்லடத்தில் பெரிய நெரிசல். கோழி ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை இறகுகள் கண்ணாடியில் வந்து ஒட்டின. லாரி நகர்ந்ததும் அப்பா வேகமெடுத்தார். சட்டென்று சந்திலிருந்து டிராக்டர் ஒன்று தலையை நீட்டியது.

"அக்கா, ரெண்டு."

"போட்டாச்சு."

டிராக்டரை உரசாமல் ஒடித்து வெளியே வந்தோம்.

"மூணு."

"உம்."

"நாலுங்க்கா."

"தெரியுது, சத்தம் கேக்குதில்ல."

நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன். வழக்கப்படி எடுத்துச் சொல்லத் திறந்த வாய். எடுத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு கதளியை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

சத்தமில்லாத ரோடு

பல்லடம் தாண்டிக் குண்டடம் ரோட்டில் காலியான நீளம். இரண்டு பக்கமும் காற்றாலைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. மஞ்சள் வெயில் ரெக்சினில் விழுந்து புது வாசம் கிளம்பியது.

"அஞ்ச நான் போட்டுக்கறேன்," என்றார் அப்பா.

"உம்பட பக்கந்தான். போட்டுக்க."

ஐந்தாவது கியர் விழுந்தது. எஞ்சின் தணிந்தது. அந்தக் காருக்குள் அப்படியொரு அமைதியை அப்பாரு காலத்திலிருந்து யாரும் கேட்டதில்லை. ஊளை இல்லை. உறுமல் இல்லை. கடிகாரம் ஒன்று டேஷ்போர்டில் ஓடுகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

இந்த அமைதியைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. பழைய பெட்டி கத்தும்போது யாரும் பேசாமல் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது பேசாமல் இருந்தால் பேசாமல் இருப்பது கேட்டது.

அத்தைதான் முதலில் பேசினார். கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி.

"அந்தப் பச்ச மோட்டாரு அடுத்த கோடையிலயே எரிஞ்சு போச்சு."

அப்பா வைப்பரைப் போட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த கோழி இறகைத் தள்ளினார்.

"பொறவு ஆள உட்டு, மேட்டுப்பாளையத்துக் கடையில உன்றதையே வாங்கிப் போட்டேன்."

"இல்லீங்க்கா," என்றார் அப்பா. "போன தேருக்குக்கூடப் பாத்தேன். பச்சைதான் ஓடுது."

"பெயிண்ட் அடிச்சுப்போட்டேன்."

பின்சீட்டில் செந்திலின் மாலை சரசரத்தது. மாப்பிள்ளை முன்னால் குனிந்துவிட்டான்.

"எதுக்குங்க்கா?"

"ஊர்ல நாலு பேரு பாத்துட்டு உன்கிட்ட வந்து சொல்லீருவாங்கல்ல. அக்கா எறங்கி வந்துட்டான்னு. அதான் ஒரு டப்பா பச்ச பெயிண்ட் வாங்கி..." அத்தை கியர் குமிழை முந்தானை நுனியால் துடைத்தார். "வருசா வருசம் வந்து நின்னு, தகர டப்பா, தகர டப்பாங்கறியே தம்பி. அத்தனையும் உன்றதுதான்."

அப்பா காரை ஓரம் கட்டவில்லை, வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்க ஆரம்பித்தது. சத்தமில்லாமல் சிரிக்கிறவர் அவர். கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தார். ஒரு காற்றாலை, இரண்டு காற்றாலை, இன்னொன்று எல்லாம் பின்னால் போயின.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டறைக் குரலில் சொன்னார்: "ஆனா அதுல பேரிங் போகுதுங்க்கா. கல்யாணம் முடிஞ்சு வந்து மாத்தித் தாரேன்."

"அதத்தான நீ வருசா வருசம் சொல்ற. மாத்தித் தாரேன்னு மட்டும் சொன்னதேயில்ல."

பிறகு தாராபுரம் வரை சண்டை. எந்த வோல்டேஜில் எந்தக் காயில் எரியும், அன்றைக்கு உலை முக்கியமா வாழை முக்கியமா, போன் எத்தனை தடவை அடித்தது என்று. நடு நடுவே "நாலு", "மூணு", "மறுபடி நாலு". திட்டிக்கொண்டே மாற்றினார்கள். ஒரு கியர்கூடக் கறகறக்கவில்லை. அமராவதிப் பாலத்தில் ஏறும்போது பொழுது இன்னும் சாயவில்லை.

மண்டப வாசலில் மேளம் கேட்டதும், இறங்குவதற்கு முன் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, காரமடையில இருந்து வந்தனே பஸ்ஸு, அதுல டிரைவர் ஒருத்தனேதான் கியர் போட்டான். அவனுக்கு நடுவுல ஆளு கெடைக்கலீங்களா?"

நான் கதளித் தோலைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். நெடுநேரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

வளைந்த கம்பி

கல்யாணம் முடிந்து வந்ததும் முதல் வேலையாகத் தவறைத் திருத்தினேன். முழங்காலில் இடிக்காதபடி, யானைத் துதிக்கை போல ஓட்டுகிறவர் பக்கம் வளைந்து போகும் ஒரு கம்பியை ரஃபீக்கும் நானும் செய்தோம். அதை மாட்டினால் நடுவில் யாரும் தாராளமாகக் கால் நீட்டலாம். அப்பாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். வளைவு நன்றாக இருக்கிறது என்றார். பட்டறைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. அதில் யாரோ டிபன் கேரியரை மாட்டுகிறார்கள்.

போன வாரம் அப்பாவும் நானும் பேரிங்கை எடுத்துக்கொண்டு காரமடைக்குக் கிளம்பினோம். இந்த முறையும் நான் கதவோரம். நடு இடத்தில் பேரிங் டப்பா. தெருமுனை வந்தது. அப்பா கிளட்சை மிதித்தார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு," என்றார்.

கார் தளர்ந்து ஊர்ந்தது. அவர் காத்திருந்தார். நான் கையை நீட்டி இரண்டாவது போட்டேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அக்கா இன்னும் பதமாப் போடுவா," என்றார்.